சுவாரசியமில்லாத நெருப்பு

அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பகலில் ஒருவர் பள்ளியில் பாடம் எடுப்பார், ஒருவர் பால்பண்ணையில் மாடு பார்ப்பார், என்னைப் போன்ற ஒருவர் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். இடுப்பில் இருக்கும் பேஜர் கத்தினால் போட்டது போட்டபடி ஓட வேண்டியதுதான். ஊருக்குப் பேசும்போது அம்மா இன்னும் இதை நம்ப மறுக்கிறார். "காசு குடுக்காம நெருப்புக்குள்ள போகச் சொல்றாங்களா? இதுல நீ மத்தவங்களுக்குப் பாடம் வேற நடத்துறியா?" என்பார். இரண்டுக்கும் ஆமாம்தான்.

நான் இருப்பது நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில். நகரத்திலிருந்து நாலைந்து மணி நேரம் காரில் வந்தால் சோளக்காடும் பால்பண்ணையுமாக ஒரு பிரதேசம் வரும், அங்கே. ஒவ்வொரு சின்ன ஊருக்கும் ஒரு தீயணைப்பு நிலையம் உண்டு. புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்குத் தனியாகப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். எழுதி முடித்தவர்களெல்லாம் சேர்ந்து கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அளவில் ஒரு பயிற்றுநர் சங்கம் வைத்திருக்கிறோம். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ஏதாவது ஒரு நிலையத்தின் கூடத்தில் கூட்டம்.

கூட்டம் என்றதும் மேடை, சால்வை, நன்றியுரை என்று நினைத்துவிட வேண்டாம். மடக்கு நாற்காலிகள், அட்டைப்பெட்டியில் பீட்சா, மதியமே போட்டுவைத்த காபி. போன கூட்டத்தின் குறிப்பை ஒருவர் படிப்பார், பொருளாளர் கணக்குச் சொல்வார், புகை எழுப்பும் இயந்திரத்தைக் கடன் வாங்கிக்கொண்டு போய் உடைத்தது எந்த ஊர்க்காரர்கள் என்று கால்மணி நேரம் சண்டை நடக்கும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் அசல் வேலை ஆரம்பமாகும். ஒரு சாவு அறிக்கையை எடுத்துப் படிப்போம்.

பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களின் மரணத்தை விசாரிக்க நியோஷ் என்ற மத்திய அரசு நிறுவனத்தில் 1998 முதல் ஒரு தனிப்பிரிவு இருக்கிறது. அவர்கள் எழுதும் அறிக்கைகளில் யார் பெயரும் இருக்காது. குற்றவாளியைத் தேடுவது அவர்கள் வேலை இல்லை. எத்தனை மணிக்கு என்ன நடந்தது, யார் எங்கே நின்றார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, அடுத்த முறை என்ன செய்யலாம், அவ்வளவுதான். உணர்ச்சியே இல்லாத அந்த நடையில் படிக்கும்போது வயிற்றைப் பிசையும். எங்கள் சங்கத்தில் பயிற்சியின்போது நடந்த சாவுகளுக்குத்தான் முதலிடம். நிஜத் தீவிபத்தில் யாராவது இறந்தால் நெருப்பின் மேல் பழி போடலாம். பயிற்சியில் இறந்தால் அந்த நெருப்பை வைத்தது நம்மைப் போன்ற ஒரு வாத்தியார்.

எங்கள் பகுதிக்கு மிக நெருக்கமான அறிக்கை லேர்ட்ஸ்வில் பற்றியது. ஒனைடா கவுண்டியில் உள்ள சின்ன ஊர். 2001 செப்டம்பர் 25. நியூயார்க் நகரத்தில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நாடே தீயணைப்பு வீரர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நேரம். இடிக்கப்போகும் ஒரு இரண்டு மாடி வீட்டில் பயிற்சி ஏற்பாடு செய்தார்கள். 19 வயதுப் பையன் ஒருவன், சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவனை மாடியில் படுக்கவைத்து, 'மாட்டிக்கொண்டவர்' வேஷம் போடச் சொன்னார்கள். மற்றவர்கள் உள்ளே தேடிவந்து அவனைக் காப்பாற்ற வேண்டும், அதுதான் ஒத்திகை. கீழ்த்தளத்தில் இருந்த பழைய சோபா மெத்தையில் தீ வைக்கப்பட்டது. அது ஃபோம் மெத்தை. தீ படிக்கட்டு வழியாக மாடிக்கு ஏற அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பையன் இறந்தான், கூட இருந்த இருவருக்கு மோசமான தீக்காயம். பயிற்சியை நடத்திய தீயணைப்பு நிலையத் துணைத் தலைவரை நீதிமன்றம் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. பயிற்சி நடத்தியதற்காக ஒரு தீயணைப்பு அதிகாரி குற்றவாளிக் கூண்டில் ஏறியது இந்த நாட்டுத் தீயணைப்புத் துறையையே உலுக்கியது.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்வது ஒரு விஷயம்: இவற்றில் எதையும் செய்யக் கூடாது என்று 2001க்கு வெகுமுன்பே எழுதி வைத்திருந்தார்கள். 1982இல் கொலராடோ மாநிலம் போல்டரில் ஒரு பழைய கட்டடத்தை எரித்துப் பயிற்சி நடத்தியபோது இரண்டு வீரர்கள் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து 1986இல் நேரடித் தீப் பயிற்சிக்கென்றே தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 1403 என்ற விதித்தொகுப்பு வந்தது. உயிருள்ள மனிதரை 'மாட்டிக்கொண்டவராக' வைக்காதே. பெட்ரோல், டீசல் ஊற்றிப் பற்றவைக்காதே. ஃபோம், ரப்பர், பிளாஸ்டிக் எரிக்காதே. வைக்கோலும் காய்ந்த மரமும் போதும். பழைய வீட்டில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தீ. ஐந்து மாணவருக்கு ஒரு பயிற்றுநர். எல்லாம் அதில் இருக்கிறது.

2007 பிப்ரவரியில் பால்டிமோர் நகரில் 29 வயதுப் பயிற்சி வீராங்கனை ஒருவர் இறந்தார். அங்கே ஒரே வீட்டில் பல இடங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் தீ வைத்திருந்தார்கள். விதி வந்து அப்போது 21 வருஷம். அதுவும் கைப்பிடி ஆட்கள் உள்ள கிராமத்து நிலையம் இல்லை, பெரிய நகரத்தின் முழுநேரச் சம்பளத் துறை.

அப்படியானால் விதி தெரியாததா பிரச்சினை? இல்லை என்பது என் அபிப்பிராயம். பயிற்றுநருக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை இருக்கிறது. 'பசங்களுக்கு நிஜ நெருப்பு எப்படி இருக்கும் என்று காட்டிவிட வேண்டும்' என்ற ஆசை. நம்மூரில் பட்டால்தான் தெரியும் என்பார்களே, அதையே பாடத்திட்டமாக வைத்துக்கொண்ட ஒரு தலைமுறை இங்கே இருந்தது. முகக்கவசம் கருகியிருந்தால் பெருமை, ஹெல்மெட்டில் கரி ஏறியிருந்தால் அனுபவசாலி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மாணவன் மேல் உள்ள அக்கறையில்தான் இன்னும் கொஞ்சம் வைக்கோல், இன்னும் இரண்டு மரப்பலகை என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். ஒரு ஆள் தனியாக முடிவெடுக்கும்போது அந்த 'இன்னும் கொஞ்சம்' எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து ஊர்ப் பயிற்றுநர் நாலுபேர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தால் அது நிற்கும். சங்கத்தின் முதல் வேலை வாத்தியார்களைக் கட்டிப்போடுவதுதான் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

அதனால் எங்கள் பயிற்சி நாளைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போவார்கள். எரிக்கக் கிடைத்த பழைய வீடு என்றால் வாரக்கணக்கில் வேலை இருக்கும். வீடு யார் பெயரில் இருக்கிறது என்ற பத்திரம், காப்பீடு ரத்தான சான்று, மின்சாரமும் எரிவாயுவும் துண்டித்ததற்கான கடிதம், ஆஸ்பெஸ்டாஸ் அகற்றியதற்கான காகிதம், அக்கம்பக்கத்துக்கு அறிவிப்பு. தரையில் ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும், ஆடும் புகைபோக்கியை இடித்து இறக்க வேண்டும். தீயை அணைக்கப் போகும் தாக்குதல் குழாய்க்கு ஒரு தண்ணீர் ஆதாரம், அவசரத்துக்குக் காத்திருக்கும் காப்புக் குழாய்க்கு வேறொரு ஆதாரம். ஒவ்வொரு குழாயிலும் நிமிடத்துக்குக் குறைந்தது 360 லிட்டர் வர வேண்டும், அதை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அன்று காலையில் மாணவர்கள் எல்லோரையும் வெறும் கையோடு வீடு முழுக்க நடத்திக் காட்டுவோம். இது அறை, இது ஜன்னல், இங்கே வைக்கோல், இது வெளியேறும் வழி, இது இரண்டாவது வழி. "சஸ்பென்ஸ் எல்லாம் போய்விட்டதே" என்று இளவட்டங்கள் முணுமுணுக்கும். போகட்டும். வெளியேறச் சொல்லும் ஹாரனை ஒருமுறை அடித்துக் காட்டுவோம். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர். அவருக்கு அன்று வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. பொறுப்புப் பயிற்றுநர் வயதிலும் பதவியிலும் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இந்த ஆள் 'நிறுத்து' என்றால் நிறுத்தியாக வேண்டும். தீ வைப்பவர்கூடத் தனியாகப் போக முடியாது. முழு உடுப்போடு, மூச்சுக்கருவியோடு, தண்ணீர் நிரம்பிய குழாய் வைத்திருக்கும் இன்னொருவரும் கூடப் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு உள்ளே எரிவது ஒரு மூலையில் கொஞ்சம் வைக்கோலும் சரக்கு அடுக்கும் மரப்பலகைகள் இரண்டு மூன்றும். மாணவர்கள் தவழ்ந்து போவார்கள், அணைப்பார்கள், வெளியே வருவார்கள். அடுத்த குழு. மறுபடியும் அதே. சுவாரசியமே இருக்காது. நல்ல பயிற்சித் தீ அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் மூத்த பயிற்றுநர் ஒருவரின் கட்சி, நானும் அந்தக் கட்சிதான்.

சங்கத்தின் இரண்டாவது வேலை கொஞ்சம் கசப்பானது: நேற்றுவரை சொல்லிக்கொடுத்ததை இன்று மாற்றிச் சொல்ல வாத்தியார்களைச் சம்மதிக்கவைப்பது.

பல காலமாக எல்லா அகாடமிகளிலும் ஒரு வேதவாக்கு உண்டு. ஜன்னல் வழியாக வெளியிலிருந்து தண்ணீர் அடிக்காதே, தீயை உள்ளே இருப்பவர்கள் மேல் தள்ளிவிடுவாய். வாசல் வழியாக உள்ளே போய், எரியாத பக்கத்திலிருந்து எரியும் பக்கத்துக்குத் தாக்கு. இதை நம்பியவர்கள் முட்டாள்கள் இல்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். வெளியே தண்ணீர் அடித்த நேரத்தில் உள்ளே சூடு ஏறியது நிஜம். ஆனால் சூட்டை ஏற்றியது பெரும்பாலும் அதே சமயத்தில் யாரோ திறந்துவிட்ட கதவும் உடைத்த ஜன்னலும்.

2012 ஜூலையில் நியூயார்க் துறைமுகத்தில் உள்ள கவர்னர்ஸ் தீவில், காலியாகக் கிடந்த 20 வரிசைவீடுகளை ஆராய்ச்சிக்காக எரித்தார்கள். நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறை, நிஸ்ட் என்ற மத்திய அரசு ஆய்வகம், பொருட்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூ.எல். நிறுவனம் மூன்றும் சேர்ந்து செய்தது. அறைக்கு அறை வெப்பமானி, அழுத்தமானி, கேமரா. காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, புகை எந்த வழியாக வெளியேறுகிறது, இடையில் நிற்பவனுக்கு என்ன ஆகிறது என்று விநாடி விநாடியாகப் பதிவு செய்தார்கள். தீயை இழுத்துக்கொண்டு போவது காற்றோட்டம் என்பதும், வெளியிலிருந்து உள்கூரையில் நேராக அடித்த கொஞ்சம் தண்ணீர் வீடு முழுக்கச் சூட்டை இறக்குகிறது என்பதும் எண்களாக வந்தன. அதற்கு முன்பே யூ.எல். இன்னொன்றையும் காட்டியிருந்தது. பருத்தியும் மரமுமாக அந்தக்காலத்து வரவேற்பறை ஒன்று, ஃபோமும் பாலியெஸ்டருமாக இந்தக்காலத்து வரவேற்பறை ஒன்று. இரண்டிலும் ஒரே மாதிரி தீ வைத்தார்கள். புது அறை முழுவதுமாகப் பற்றிக்கொள்ள 3 நிமிடம் 40 விநாடி. பழைய அறைக்கு 29 நிமிடம் 25 விநாடி. எங்கள் தாத்தா வயது வீரர்கள் கற்ற பாடமெல்லாம் அந்த 29 நிமிட அறையில் கற்ற பாடம்.

இந்த அறிக்கைகளை அச்செடுத்துக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் ஒரு மாதம் பொம்மை வீடு எரித்துக் காட்டினோம். அழுத்தப் பலகையில் நாலு அறையுள்ள ஒரு பெட்டி, மேலே இரண்டு கீழே இரண்டு, முன்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் திறந்து மூடும் தகடு. நிலையத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தில் வைத்து, கீழே ஒரு அறையில் தீ. முதலில் வெள்ளைப்புகை, அப்புறம் பழுப்பு, அப்புறம் கறுப்பு. தகடுகள் எல்லாவற்றையும் மூடினோம். சுடர் அடங்கிவிட்டது, பார்ப்பவன் அணைந்துவிட்டது என்றுதான் நினைப்பான். ஆனால் இடுக்குகள் வழியாகப் புகை மூச்சு வாங்குவது போல உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. பிறகு கீழே ஒன்று, மேலே எதிர்மூலையில் ஒன்று, இரண்டு தகடுகளை மட்டும் திறந்தோம். சில விநாடிகள் ஒன்றுமில்லை. அதன்பின் கீழ் அறையில் கிளம்பிய தீ மேல் ஜன்னல் வழியாக ஒரு முழம் நீளத்துக்கு வெளியே பாய்ந்தது. கீழ்த்தகட்டை மூடியதும் அடங்கியது. திறந்தால் பாய்ந்தது. நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்த ஒருவர் தானே போய் அந்தத் தகட்டைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நகர்த்துவதே பெரும்பாடாகிவிட்டது.

எல்லோரும் அவ்வளவு சுலபமாக மாறவில்லை. 1960இல் தொடங்கிய சர்வதேசத் தீயணைப்புப் பயிற்றுநர் சங்கம் இந்த ஆராய்ச்சிகளை வைத்து, தீ நடக்கும் இடத்தில் எதை முதலில், எதை அடுத்துச் செய்வது என்பதை முதலெழுத்துகளால் நினைவில் வைக்கும் 'ஸ்லைஸர்ஸ்' என்ற வரிசையைக் கொண்டுவந்தது. 1950களில் லாயிட் லேமன் என்ற அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரி கொடுத்த பழைய வரிசையில் முதல் எழுத்தே மீட்பு. புதிய வரிசையில் நிலைமையைப் பார், தீ எங்கே என்று கண்டுபிடி, காற்றுப் பாதையை அடையாளம் கண்டு கட்டுப்படுத்து, பாதுகாப்பான தூரத்திலிருந்து குளிரவை, அணை என்று போகிறது; மீட்பு கடைசியில் தனியாக, எப்போது வாய்ப்புக் கிடைக்கிறதோ அப்போதே செய் என்ற குறிப்போடு இருக்கிறது. சொன்னதென்னவோ நியாயம்தான். ஆனால் காகிதத்தில் மீட்பு பின்னால் போனதைப் பார்த்ததும் கொதித்துவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர், "என் பிள்ளை உள்ளே இருந்தால் நீ வெளியே நின்று குளிரவைத்துக்கொண்டிருப்பாயா?" என்று கேட்டார். அதற்கு ஒரு நர்ஸம்மா, அவரும் பயிற்றுநர்தான், "உங்கள் பிள்ளை இருக்கும் அறையில் 600 டிகிரி இருந்தால் முதலில் எது உதவும், சொல்லுங்கள்" என்றார். கேட்டவர் பதில் சொல்லவில்லை. சம்மதித்தார் என்றும் சொல்ல மாட்டேன். இன்று எங்கள் கவுண்டியில் அந்த வரிசையை மந்திரமாக யாரும் ஒப்பிப்பதில்லை, ஆனால் கதவைக் கட்டுப்படுத்துவது எல்லா வகுப்பிலும் வந்துவிட்டது. சுருக்கெழுத்தை விட்டு விஷயத்தை எடுத்துக்கொண்டோம், எனக்கு அது போதும்.

ஏப்ரலில் இண்டியானாபோலிஸில் பெரிய மாநாடு ஒன்று நடக்கும், எஃப்.டி.ஐ.சி. என்பார்கள். ஆயிரக்கணக்கில் வருவார்கள், நேரடிப் பயிற்சி வகுப்புகள் ஊரெல்லாம் நடக்கும், கண்காட்சியில் புது வண்டிகள் பளபளக்கும். ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒரு வாத்தியாரின் கையைப் பிடித்து நிறுத்தும் வேலை அந்தக் கூட்டத்தில் நடக்காது.

கடந்த சில வருஷங்களில் எங்கள் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 2022இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. சாதாரண வீரர் வருஷத்தில் எத்தனை வீட்டுத் தீக்குள் போவார்? பயிற்றுநர் ஒரே சனிக்கிழமையில் அதைவிட அதிகமாகப் புகைக்குள் உட்கார்ந்திருப்பார். மாணவன் ஒரு சுற்று முடித்துவிட்டு நிழலில் தண்ணீர் குடிப்பான், இவர் அடுத்த குழுவோடு மறுபடி உள்ளே. இல்லினாய் தீயணைப்புப் பயிற்சி நிலையத்தில் செய்த ஆய்வுகளில், மரத்துண்டுகளைப் பசையால் அழுத்திச் செய்யும் ஓ.எஸ்.பி. பலகையை எரித்தால், வைக்கோலும் சரக்குப் பலகையும் எரிப்பதைவிட நச்சு அதிகம் என்று தெரிந்தது. பொம்மை வீட்டுக்கு நாங்கள் பயன்படுத்தியதும் அதே பலகைதான், புகை எங்கள் மேல் வராதபடி காற்று வீசி வரும் பக்கம் நின்றோம் என்பதில் ஆறுதல்பட்டுக்கொள்ள வேண்டியது. இப்போது ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் உடுப்பைச் சோப்புத் தண்ணீரால் அங்கேயே தேய்த்துக் கழுவுவது கட்டாயம். ஒரு பயிற்றுநர் ஒரு நாளில் இத்தனை முறைக்கு மேல் உள்ளே போகக் கூடாது என்று தீர்மானமும் போட்டோம். எதிர்த்து வாக்களித்தவர்கள் உண்டு. ஆள் பற்றாக்குறை அவர்கள் கவலை. அது பொய்க் கவலையும் இல்லை.

இப்போது மேஜையில் இருப்பது பேட்டரி. மின்சார சைக்கிள், ஸ்கூட்டர்களின் லித்தியம் பேட்டரியால் நியூயார்க் நகரத்தில் மட்டும் 2023இல் 268 தீ விபத்துகள், 18 பேர் சாவு. எங்கள் ஊர்களுக்கும் அந்த சைக்கிள்கள் வந்துவிட்டன. மாணவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது, எதை வைத்துக் காட்டுவது? போன கூட்டத்தில் ஓர் இளம் பயிற்றுநர் எழுந்து, நிஜ பேட்டரி ஒன்றைப் பயிற்சி மைதானத்தில் எரித்துக் காட்டலாம் என்றார். காணொளியில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றா என்று கேட்டார். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், அணைந்த பிறகும் மறுபடி பற்றும், மிச்சத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவாய் என்று நாலு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். அவர் உட்காரவில்லை. உடுப்பைக் கழுவும் வசதி, தூரம், காற்றின் திசை, மிச்சத்தை எடுத்துக்கொள்ளும் நிறுவனம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தால் ஒத்துக்கொள்வீர்களா என்றார். எழுதிக்கொண்டு வா, பார்க்கலாம் என்று தலைவர் முடித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தத் திட்டம் வருகிறது. அவருக்கு எதிராகப் பேச இரண்டு பேர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒன்று நான்.